ஏரியில் சர்ஃபேஸ் வேலை கிடையாது

பேத்தமங்களா
10 ஜூன் 2024

மித்ரா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் நலத்துக்கு என்ன குறைச்சல்? பெங்களூருவில் வீடு, மாதம் பிறந்தால் சம்பளம், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அடுத்தவர் அழுவதைக் கேட்டு எழுதிக்கொள்கிற வேலை. நன்றாகத்தான் இருப்பாய்.

உன் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பாதிக் கோபம் கரைந்துவிடும். இந்தக் கோபம் கரையக் கூடாது. அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்பு வரைக்கும் உன் தமிழ்க் கட்டுரைகளை எல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான்தானே, இதையும் ஒழுங்காகவே எழுதிவிடுவேன்.

இன்று காலை மீனவர் சங்கத் தலைவர் முனியப்பன் வால்டரின் டோக்கனைக் கேட்டு வாங்கித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். பலகையில் இருந்த அவருடைய ஆணியையும் பிடுங்கிவிட்டார். மீன் கூடையோடு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தப் பலகை உனக்குத் தெரியும். போன வருஷம் நீதானே அதைப் போட்டோ எடுத்தாய்? "கோல்டு மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும் சுரங்கக்காரர் பிள்ளைகள் ஏரிக் கரையில் டோக்கன் மாட்டுகிறார்கள் பாருங்கள்" என்று உன் ஆபீஸ் சுமா மேடத்துக்கு இங்கிலீஷில் பெருமையாக விளக்கினாயே. தண்ணீரில் இறங்குகிறவன் டோக்கனை ஆணியில் மாட்ட வேண்டும். கரை ஏறினால் எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் பலகையில் ஒரே ஒரு டோக்கன் தொங்கினாலும் அந்த ஆளைத் தேடாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. டோக்கன் இல்லாதவன் பரிசலில் கால் வைக்கக் கூடாது. வால்டரிடம் இருந்தது அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் கேஜில் இறங்குவதற்கு முன்னால் மாட்டிய அதே பித்தளை வில்லை. சங்கம் கொடுத்ததல்ல, அதைப் பிடுங்க!

நான் சண்டைக்குப் போனேன். முனியப்பன் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. ஒங்க ஊட்டுக்காரருக்கு மனசு சரியில்லன்னு சர்வே மேடம் சொல்லிச்சு. தண்ணில ஏதாச்சும் ஆயிட்ச்சின்னா சங்கத்துக்குக் கெட்ட பேரு. இந்தத் தொந்தரவு நமக்கு பேடா, வேணாம்."

சர்வே மேடம் என்றால் நீதான்.

போன வாரம் உங்கள் சர்வேப் பெண் ரஷ்மி எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அந்த ஒன்பது கேள்விகளைக் கேட்டபோது, நீ அடுப்படியில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தாய். உள்ளே போவதற்கு முன்னால் வால்டர் என்னிடம் கேட்டார், "இன்னாமே, இதெல்லாம் சொல்லலாமா?" என்று. "நம்ம மித்ரா ஆளுங்கதான். மறைக்காத, இருக்கறத சொல்லு" என்றேன். அவரும் சொன்னார். ஏப்ரலில் ஏரி மீன் அத்தனையும் ஒரே காலையில் வயிற்றைக் காட்டி மிதந்ததே, அன்றிலிருந்து தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, செத்துப் போனால் தேவலை என்று பாதி நாள் தோன்றுகிறது என்று சொன்னார். என்னிடமே சொல்லாததை அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

ஆனால் இத்தனைக்கும் நடுவில் தண்ணீருக்குப் போவதை மட்டும் அவர் ஒரு நாளும் விட்டதில்லை. அது ரஷ்மியின் கேள்வியில் இல்லை போலிருக்கிறது.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நீ சொல்லித்தான் டோக்கன் போனது. நீ சொல்லித் திரும்பி வரட்டும்.

லூயிசா


பெங்களூரு
17 ஜூன் 2024

அன்புள்ள லூயிசா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மீதியை அங்கேதான் படித்தேன். உனக்கு இது திருப்தியாக இருக்கும் என்றால் இருக்கட்டும்.

நடந்ததை நானும் சொல்கிறேன், கேள். செத்துப் போகத் தோன்றுகிறதா என்ற கடைசிக் கேள்விக்கு ஒருவர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் நாங்கள் சும்மா வர முடியாது. வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டும், டாக்டரிடம் அனுப்ப வேண்டும், ஆபத்தான இடங்களிலிருந்து ஆளைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அது விதி. நல்ல விதிதான். அதனால் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முனியப்பனிடம் நான் சொன்னது இரண்டே வார்த்தை. "வால்டர் அண்ணனைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள்" என்றேன். சுமா மேடமும் சரி என்றார். ஆனால் மேடம் சொல்லி நான் செய்யவில்லை, என் அப்பாவை நினைத்துத்தான் செய்தேன். எங்கள் அப்பா கோரமண்டல் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தது உனக்குத் தெரியும். ஷிஃப்டுக்கு வருகிற ஒருவன் முகம் சரியில்லை என்றால், அவன் பெண்டாட்டி சந்து முனையில் நின்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்வாள். அப்பா அவனை அன்றைக்குக் கீழே இறக்க மாட்டார். "நீ இன்னிக்கு மேல இரு, சர்ஃபேஸ்ல வேலை இருக்கு" என்பார். லாம்ப் ரூமிலோ, மரம் அறுக்கிற இடத்திலோ உட்கார வைப்பார். சம்பளம் போகாது, பேரும் கெடாது. மறு வாரம் அவன் எல்லோரோடும் கேஜில் இறங்குவான். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உன் அப்பாவையே ஒரு தடவை அப்படி மேலே நிறுத்தியிருக்கிறார், உன் அம்மா வந்து சொல்லித்தான்.

முனியப்பனும் அப்படித்தான் செய்வார் என்று நினைத்தேன். அவர் ஆணியைப் பிடுங்குவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதே, லூயிசா. நீயே யோசித்துப் பார். அண்ணன் அப்படிச் சொன்ன பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு போயிருந்து, மறுநாள் ஏதாவது ஆகியிருந்தால் நீ என்னை விட்டிருப்பாயா? அண்ணன் உயிரோடு இருந்தால்தான் நீ என்னோடு சண்டைகூடப் போட முடியும்.

டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன். அவர் ராபர்ட்சன்பேட்டைக்கு மாதத்தில் ஒரு நாள் வருகிறவர். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி. "தண்ணீருக்குப் போகலாம்" என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் முனியப்பன் டோக்கனைத் தந்துதான் ஆக வேண்டும். அழைத்துக்கொண்டு போ. தயவு செய்து என் நம்பரைத் திற.

சங்கமித்ரா


பேத்தமங்களா
29 ஜூன் 2024

மித்ரா,

நம்பரைத் திறக்க மாட்டேன்.

உன் அப்பா நல்லவர்தான். யார் இல்லை என்றது? ஆனால் உன் அப்பாவிடம் லாம்ப் ரூம் இருந்தது, மரம் அறுக்கிற இடம் இருந்தது, பின்னால் ஒரு கம்பெனி இருந்தது. ஏரியில் சர்ஃபேஸ் வேலை கிடையாது, மித்ரா. இங்கே தண்ணீருக்குப் போகிறவன் இருக்கிறான், போகாதவன் இருக்கிறான். நடுவில் உட்கார வைக்க ஒரு ஸ்டூல்கூட இல்லை. இவ்வளவு படித்துவிட்டு, இரண்டு வருஷமாக எங்கள் கரையிலேயே கிடந்துவிட்டு, இது உன் கண்ணில் படவில்லையா?

உன் டாக்டரிடம் போனோம். மதியம் வரைக்கும் காத்திருந்தோம். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். பேசினார், கேட்டார், மாத்திரை எழுதினார். "தண்ணீருக்குப் போகலாம்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க சார்" என்றேன். "இந்த மாத்திரை சாப்பிட்டா முதல்ல தூக்கம் அசத்தும்மா. பரிசல்ல போகலாம்னு நான் எப்படி எழுதறது?" என்றார். அப்படியென்றால் மாத்திரை வேண்டாம் என்றார் வால்டர். "சாப்பிடாதவருக்கு குணமாச்சுன்னு எப்படி எழுதறது?" என்றார் டாக்டர். சாப்பிட்டாலும் போகக் கூடாது, சாப்பிடாவிட்டாலும் போகக் கூடாது. பஸ்ஸில் வரும்போது வால்டர் சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது கரையில் எல்லோருக்கும் தெரியும். முனியப்பன் ஒருவரிடம் சொன்னால் போதாதா? மீன் கழுவுகிற இடத்தில் வால்டர் அரிவாள்மனையில் உட்கார்ந்தால், "நீங்க இருங்கண்ணா, நான் அறுக்கறேன்" என்று எழுப்பி விடுகிறார்கள். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட அம்மா கொல்லையில் துணிக்குக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், அவள் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே போகிறாள். கோவிந்தன் இத்தனை வருஷம் அவரோடு ஒரே பரிசலில் போனவன். இப்போது, லாரி டியூபில் மிதந்து தனியாக வலை போட்டுக்கொண்டிருந்த அந்த ராகேஷைச் சேர்த்துக்கொண்டான். அவனைத் திட்ட முடியாது, இரண்டு பேர் இல்லாமல் பரிசல் வலிக்க முடியாது. ஆனால் காலையில் அவன் எங்கள் வாசல் வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறான்.

வால்டர் கரைமேல் உட்கார்ந்து அவர்கள் வலை வீசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அங்க போடாதடா, அங்க போடாதடா" என்று முணுமுணுக்கிறார். தண்ணீரில் இருப்பவர்களுக்கு அது கேட்பதில்லை.

அவரைக் காப்பாற்றுகிறேன் என்று அவரிடமிருந்து நல்லதாக இருந்த ஒன்றையும் எடுத்துவிட்டாய். கெட்டது எல்லாம் அப்படியே இருக்கிறது. தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. இப்போது ஏரியும் இல்லை.

நேரில் வா. முனியப்பனிடம் பேசு. இங்கிலீஷில் பேசு, பயப்படுவார்.

லூயிசா


பெங்களூரு
8 ஜூலை 2024

அன்புள்ள லூயிசா,

கயிறு விஷயத்தைப் படித்தபோது எனக்கு நேரில் வந்து உன் காலில் விழ வேண்டும் போல இருந்தது. நீ விழ விடமாட்டாய், நாடகம் ஆடாதே என்பாய்.

மேடத்திடம் சண்டை போட்டேன். "ஒரு தடவை ஆபத்து என்று பதிவு செய்தவரை நாமே போய்த் தண்ணீரில் விடச் சொன்னால், நாளை எந்தக் கமிட்டிக்கு பதில் சொல்வது?" என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. இரவெல்லாம் யோசித்தாலும் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஒன்பதாவது கேள்விக்கு அண்ணன் சொன்ன பதில் பொய் இல்லையே.

மாற்றுத் தொழில் பயிற்சி என்று எங்கள் புராஜெக்டில் ஒன்று உண்டு. ஆடு வளர்ப்பு, காளான், மெழுகுவர்த்தி. அண்ணன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நீ சிரிக்கிறாய் என்று தெரிகிறது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மேல் இல்லையா? மாத்திரையை எப்படியாவது சாப்பிட வை. இரண்டு மூன்று வாரத்தில் அந்த அசதி குறைந்துவிடும். அடுத்த தடவை டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

நீ ஒன்றை மறந்துவிடுகிறாய். நான் வெளியாள் இல்லை. கோரமண்டல் லைன் வீட்டில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எங்கள் வீட்டில் புத்தருக்கு வைசாகப் பாயசம் வைத்தால் முதல் டம்ளர் உனக்கு, உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டு எனக்கு. இந்த ஆராய்ச்சியில் பேத்தமங்களாவைச் சேர்க்க வேண்டும் என்று மேடத்திடம் மன்றாடியவளே நான்தான். நம் ஊர்க்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்று மைன்ஸ் மூடிய நாளிலிருந்து யாராவது வந்து கேட்டார்களா? நாமாவது கேட்போம் என்று நினைத்தேன். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் சர்வே மேடம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முனியப்பனைப் பார்க்கிறேன். சத்தியமாக.

சங்கமித்ரா


பேத்தமங்களா
26 ஜூலை 2024

மித்ரா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாய். எந்த வருஷத்து ஞாயிறு என்று நான் கேட்கவில்லை, என் மேல்தான் தப்பு. டில்லியில் ஏதோ மீட்டிங், உன்னால் வர முடியவில்லை என்று ரஷ்மி வந்து சொன்னாள். எங்களைப் பற்றித்தான் அந்த மீட்டிங்காம். நல்லது. எங்களைப் பற்றிப் பேச எங்களைத் தவிர எல்லோரும் போயிருப்பீர்கள்.

மெழுகுவர்த்திப் பயிற்சிக்கு அவரை அனுப்பினேன். பொம்பளைகள் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து, நூலை அச்சில் கோத்துவிட்டு வந்தார். "சர்ச்சுக்கு ஆவும்" என்று ஒன்றை என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் பேசினார்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. நான் வற்புறுத்திக் கொடுக்கிற மாத்திரை கேட்கிறது போலிருக்கிறது. நான்கைந்து நாளாகத் தூங்குகிறார். நேற்று ரசம் போதாது என்று சத்தம் போட்டார். நான் சந்தோஷத்தில் இன்னும் ஒரு கரண்டி புளியைக் கரைத்து ஊற்றினேன். மழை நன்றாகப் பெய்து ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, ஜிலேபி கெண்டை கரை ஓரமாகவே வருகிறது என்று அவரே என்னிடம் சொன்னார். ஏப்ரலுக்குப் பிறகு மீனைப் பற்றி என்னிடம் அவர் வாயைத் திறந்தது நேற்றுதான்.

"முனியப்பன் கால்ல உழட்டுமா?" என்று கேட்டார். பிள்ளையில்லாத வீட்டில் எனக்கு அவரும் அவருக்கு நானும்தான். அவர் யார் காலிலும் விழுந்து நான் பார்த்ததில்லை. "நீ ஏன் உழணும், மித்ரா வந்து பேசுவா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பழக்க தோஷம்.

இவ்வளவு தூரம் ஆள் மேலே வந்துவிட்டார். இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டாக்டர் இந்த மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் வர மாட்டாராம், லீவு. நீ வா. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

லூயிசா


பெங்களூரு
19 ஆகஸ்ட் 2024

லூயிசா,

அண்ணனைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். நீ பார்க்கவில்லை. அல்லது பார்த்தாய். கேட் பக்கத்திலேயே உன் தம்பி ரிச்சர்ட் என்னைத் தடுத்துவிட்டான். "நீங்க போய்டுங்க. அக்கா பாக்கறதுக்குள்ள போய்டுங்க" என்றான். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் என்னை "நீங்க" என்று சொன்னது அன்றுதான்.

திரும்பி வரும்போது கோவிந்தன் சுவர் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "நாங்க எல்லாம் கரையேறினப்புறம் ராகேஷோட டியூப எட்துகினு போயிக்கீறாரு மேடம். காத்து பேயா அடிச்சிகினு இருந்திச்சு. பலகைய பாத்தேன், ஒண்ணும் தொங்கல. எல்லாரும் வந்துட்டாங்கன்னு நெனச்சி ஷெட்ட பூட்டிகினு போய்ட்டேன். அவருக்குத்தான் ஆணியே இல்லியே. இன்னாத்த பாத்து நான் தேடறது?" என்று கேட்டான்.

நான் வந்திருக்க வேண்டும். ஜூலையிலேயே வந்திருக்க வேண்டும். டில்லி மீட்டிங்கை விட்டுவிட்டு வந்திருந்தால் என் வேலை போயிருக்காது, மேடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். வேறு என்ன எழுதினாலும் அது எனக்கு நானே வாதாடுவதாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேறு யார் மூலமாவது உனக்குத் தெரிய வேண்டாம். அண்ணனுடைய மரணத்தை ஆராய்ச்சியில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. நான் விபத்து என்று எழுதினேன். அதிக ஆபத்து என்று குறித்திருந்தவர், தனியாக, தடை இருந்தும் தண்ணீரில் இறங்கியிருக்கிறார் என்று சொல்லி, மேடம் அதைத் தற்கொலை என்று மாற்றிவிட்டார். நான் வாதாடினேன். எடுபடவில்லை.

அடுத்த மாதம் சர்வேயின் மூன்றாவது சுற்று. ரஷ்மி கரைக்கு வருவாள். உன் வீட்டை விட்டுவிடச் சொன்னேன், கேட்க வேண்டியது கட்டாயம் என்கிறார்கள். நீ பேச இஷ்டமில்லை என்றால் கதவைச் சாத்திக்கொள். ஆனால் பேசினால் உண்மையைச் சொல், லூயிசா. உனக்குத் தூக்கம் இருக்கிறதா, சாப்பிடுகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. உன் நம்பர் இன்னும் மூடியே இருக்கிறது. தினமும் போட்டுப் பார்க்கிறேன். நீயும் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. உதவி தேவை என்றால் யாரிடமாவது சொல். என்னிடம் வேண்டாம், யாரிடமாவது.

மித்ரா


பேத்தமங்களா
22 செப்டம்பர் 2024

மித்ரா,

தற்கொலை என்று எழுதிவிட்டீர்களா? சரி.

அவர் அன்று மதியம் ஐஸ்காரரிடம் போய், "காலைல நம்ம ஊட்டுக்கு ஒரு பெட்டி ஐஸ் எறக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அது தெரியாது. கோரமண்டலுக்கு அவர் தங்கை பிலோமினாவைப் பார்க்கப் போவதாக என்னிடம் சொன்னார். இருட்டியும் வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார் என்று நினைத்துக் கதவைத் தாழ்போட்டுத் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன், அதை நான் யாரிடம் சொல்வது? விடிந்ததும் ஐஸ்காரர் வந்து பெட்டியை இறக்கினார். "எதுக்கு ஐஸ்?" என்று நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கரையில் அவரைக் கண்டெடுத்த சத்தம் கேட்டது. வலையைப் பாதிவரை இழுத்து வைத்திருந்தார். நிறைய மீன். எனக்கு முதலில் காட்ட வேண்டும் என்று இருந்திருப்பார். பொய் சொல்லிவிட்டுப் போய் நல்ல மீனோடு வந்து நிற்பது அவருடைய பழைய வேலை, கல்யாணமான புதிதிலிருந்து.

சாகப் போகிறவன் ஐஸ் சொல்லி வைப்பானா என்று உன் மேடத்திடம் கேள். அதற்கு உங்களிடம் கேள்வி இருக்காது.

சர்ச்சிலும் யாரோ அந்த வார்த்தையைக் கொண்டு போய்விட்டார்கள். நாற்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, மன்னிப்பு வேண்டி ஜெபித்தார்கள். அவர் என்ன தப்பு செய்தார், மன்னிக்க?

முனியப்பன் வந்து டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போனார். அழுதார் பாவம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் பயந்தவர், பயந்தவர் செய்வதைச் செய்தார். நீ பயப்படத் தேவையில்லாத இடத்தில் இருந்தாய்.

வியாழக்கிழமை ரஷ்மி வந்தாள். கதவைச் சாத்தவில்லை. உட்கார வைத்து டீ கொடுத்தேன். குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் அந்தப் பெண் கேள்வியை ஆரம்பித்தாள். உண்மையைச் சொல் என்று நீ எழுதியிருந்தாய். ஒரு தடவை சொன்னோம் மித்ரா, வீட்டில் பாதி ஆள் போய்விட்டது.

அவள் வருவதற்கு முன்பே கரை முழுக்கப் பேசி வைத்துவிட்டோம். தூக்கம் வருகிறதா? வருகிறது. சோறு இறங்குகிறதா? இறங்குகிறது. எதிலாவது நாட்டம் குறைந்ததா? ஒரு நாளும் இல்லை. கோவிந்தன் அன்றிலிருந்து ராத்திரியில் எழுந்து எழுந்து போய்ப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறான் என்று அவன் பெண்டாட்டி அழுகிறாள். அவனும் சொன்னான், "எனக்கு இன்னா கொற, ஜம்முனு கீறேன்" என்று. ரஷ்மி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். போன சுற்றைவிட இந்தச் சுற்றில் பேத்தமங்களா எவ்வளவோ தேறிவிட்டது என்று உங்கள் கம்ப்யூட்டரில் வரும். மெழுகுவர்த்தியால் வந்த பலன் என்று போட்டுக்கொள்ளுங்கள். டில்லிக்குப் போகும்போது சொல்வதற்கு உனக்கு ஒன்று ஆயிற்று.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது ரஷ்மி நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள். செத்துப் போனால் தேவலை என்று எத்தனை நாள் நினைத்தீர்கள் என்று கேட்டாள். ஒரு நாளும் இல்லை என்றேன். அவள் பெருமூச்சு விட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

அது பொய், மித்ரா. கரையில் யாருக்கும் தெரியாது, ரிச்சர்டுக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். இப்போது நீ இதைப் போய் யாரிடம் சொல்லப் போகிறாய்?

லூயிசா